காவிரிப் பாலமும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும்: ஒரு நீண்ட இழை

1/
தென்னூர்ல உட்கார்ந்து ஃப்ளூ காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுற ஒரு டாக்டருக்கும், 1931ல் பெர்லினில் மூன்றே மூன்று ஹைட்ரஜன் அணுக்களை வைத்துக் கணக்குப் போட்ட இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. கெமிஸ்ட்ரி மறந்துபோச்சேன்னு கவலைப்படாதீங்க. எட்டாவது படிச்ச ஞாபகம் இருந்தா போதும்.

2/
விறகு எரியுது. இரும்பு துருப்பிடிக்குது. காலையில சாப்பிட்ட இட்லி சர்க்கரையா மாறி ரத்தத்துல கலக்குது. எல்லாமே வேதிவினைதான்.

பள்ளியில் நாம் இதை எப்படி எழுதினோம்? இந்தப் பக்கம் இரண்டு பொருள், நடுவில் ஒரு அம்புக்குறி, அந்தப் பக்கம் இரண்டு பொருள். முடிஞ்சது. முழு மார்க்.

ஆனால் அந்த அம்புக்குறிக்குள்ளே என்ன நடக்குது? பழைய பிணைப்பு முழுசா அறுந்த பிறகுதான் புதுசு சேருமா? இல்லை, அறுவதும் சேர்வதும் ஒரே நேரத்திலா? பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு கணம் இருக்குமா?

அந்தக் கணத்தின் பெயர் ‘டிரான்சிஷன் ஸ்டேட்’. இந்த இழையில் அதை ‘மாறும் நிலை’ என்றே சொல்கிறேன்.

3/
கதை சர்க்கரையில் ஆரம்பிக்குது.

1889. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வான்டே அர்ரீனியஸ், கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதை ஆராய்ந்தார். சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால் அது மெதுவாக குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். சூடு கொஞ்சம் ஏறினாலே வேகம் மளமளவென ஏறும்.

பல வினைகளில் 10 டிகிரி ஏறினால் வேகம் கிட்டத்தட்ட 2 மடங்காகும். ஆனால் 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போகும்போது மூலக்கூறுகள் ஓடும் சராசரி வேகம் 2 சதவீதம்கூட ஏறுவதில்லை.

2 சதவீதம் எங்கே, 2 மடங்கு எங்கே? கணக்கு உதைக்குது இல்லையா?

4/
அர்ரீனியஸ் சொன்ன விடை: எல்லா மூலக்கூறும் வினையில் இறங்குவதில்லை. நடுவில் ஒரு மேடு இருக்கு. அந்த மேட்டை ஏறும் அளவுக்கு ஆற்றல் உள்ள சில மூலக்கூறுகள்தான் அந்தப் பக்கம் போகும். சூடு ஏறினால் சராசரி கொஞ்சம்தான் நகரும். ஆனால் மேடேறக்கூடிய அந்தச் சின்னக் கூட்டம் மடங்குக் கணக்கில் பெருகிவிடும்.

மேட்டின் உயரத்துக்குத்தான் பாடப்புத்தகத்தில் ‘கிளர்வு ஆற்றல்’ என்று பெயர்.

இடையில் ஒரு டாக்டர் குறிப்பு: மருந்து கெட்டுப்போவதும் வேதிவினைதான். இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வதும், திருச்சி மே மாத வெயிலில் காருக்குள் மாத்திரையை விட்டுட்டுப் போகாதீங்கன்னு சொல்வதும் இதனால்தான்.

5/
சரி, மேடு இருக்கு. மேட்டின் உச்சியில் நிற்கும்போது அந்த மூலக்கூறு எப்படி இருக்கும்? என்ன வடிவம்? எவ்வளவு நேரம் அங்கே நிற்கும்?

அர்ரீனியஸுக்கு இது தெரியாது. அடுத்த 40 வருஷம் யாருக்கும் தெரியாது. மேட்டின் உயரத்தை அளந்தார்கள். மேட்டைப் பார்க்க முடியவில்லை.

6/
இப்ப ஒரு டாக்டர் கதைக்குள்ளே வர்றார். உண்மையாகவே எம்மாதிரி மருத்துவர்.

மைக்கேல் பொலானி. 1891ல் புடாபெஸ்டில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையில் மருத்துவ அதிகாரி. உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தபோது வேதியியலில் ஆய்வேடு எழுத உட்கார்ந்தார். ஸ்டெதஸ்கோப்பை அப்படியே வைத்துவிட்டு வேதியியலுக்குப் போய்விட்டார்.

1920களின் கடைசியில் பெர்லினில் ஃப்ரிட்ஸ் ஹேபரின் ஆய்வுக்கழகத்தில் வினைகளின் வேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

7/
இன்னொருவர் ஹென்றி ஐரிங். அமெரிக்கர், ஆனால் பிறந்தது மெக்சிகோவில், 1901ல். அங்கே புரட்சி வெடித்ததால் 1912ல் குடும்பம் வீடு, மாடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டியது. பையன் முதலில் படித்தது சுரங்கப் பொறியியல். பிறகு வேதியியலுக்கு மாறினார்.

1929ல் உதவித்தொகையோடு பெர்லினுக்குப் போய் பொலானியிடம் சேர்ந்தார்.

ஒருவர் டாக்டர், ஒருவர் சுரங்க இன்ஜினியர். இருவரும் சேர்ந்து கேட்டது: உலகத்திலேயே ரொம்ப எளிமையான வேதிவினை எது?

8/
விடை: ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின்மேல் மோதுவது. மூலக்கூறில் இரண்டு அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. மூன்றாவது வந்து மோதுகிறது. ஒருவன் கையை விடுகிறான், வந்தவன் பிடித்துக்கொள்கிறான். விட்டவன் தனியாகப் போகிறான்.

முன்னாடியும் ஹைட்ரஜன், பின்னாடியும் ஹைட்ரஜன். புதுப் பொருள் எதுவும் வரவில்லை. விற்க முடியாது, குடிக்க முடியாது. இதை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் அன்றைக்கு அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

ஆனால் அந்தச் சமயத்தில் குவாண்டம் இயற்பியல் புதுசு. கையால் கணக்குப் போட முடிந்தது இந்த மூன்று அணுக்களுக்குத்தான்.

9/
ஒரு எண்ணைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அழகு புரியும்.

ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை முழுசாக அறுக்க, ஒரு மோலுக்கு சுமார் 104 கிலோகலோரி தேவை. ஆனால் மேற்சொன்ன வினையின் மேடு வெறும் 10 கிலோகலோரி அளவுதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அப்படின்னா முதலில் அறுந்து, பிறகு சேர்வதாக இருக்கவே முடியாது. ஒரு கை விடும்போதே இன்னொரு கை பிடிக்குது. நடுவில் மூன்று அணுக்களும் ஒரே கோட்டில், சம இடைவெளியில், பாதிப் பாதிப் பிணைப்போடு நிற்கும் ஒரு கணம் இருக்கு.

அதுதான் மாறும் நிலை.

10/
ஐரிங்கும் பொலானியும் அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஆற்றலைக் கணக்கிட்டு ஒரு வரைபடம் வரைந்தார்கள். சர்வே ஆபீஸில் மலைகளுக்கு உயரக் கோடு போடுவாங்களே, அதே மாதிரி.

வரைபடத்தில் இரண்டு பள்ளத்தாக்குகள் தெரிந்தன. ஒன்று வினைக்கு முன், ஒன்று வினைக்குப் பின். நடுவே மலை. மலையின் உச்சி வழியாகப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து கேரளாவுக்குப் போகிறவர் ஆனைமலை ஏறியா போகிறார்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே? அணுக்களும் கணவாய் வழியாகத்தான் போகின்றன. கணவாயின் மேட்டுப் புள்ளிதான் மாறும் நிலை.

1931ல் இது ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கட்டுரையின் தலைப்பே எளிய வாயு வினைகளைப் பற்றியது என்றுதான் சொன்னது. வினை ஒன்றுக்கு மனிதன் வரைந்த முதல் நிலப்படம்.

11/
படம் முழுக்கச் சரியா? இல்லை. அவர்கள் கணக்கில் கணவாயின் உச்சியில் ஒரு சின்னக் குழி இருந்தது. பிறகு வந்தவர்கள் அதற்கு ‘ஐரிங் ஏரி’ன்னு பேர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். கம்ப்யூட்டர் வந்து துல்லியமாகக் கணக்கிட்டபோது அங்கே ஏரி எதுவும் இல்லை, வெறும் கணவாய்தான் என்று தெரிந்தது.

ஆனாலும் அடிப்படை எண்ணம் நின்றது. வினைக்கு ஒரு நிலப்படம் உண்டு, அதில் ஒரு கணவாய் உண்டு என்ற எண்ணம் இன்றுவரை அசையவில்லை.

12/
1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த பொலானி பதவியை விட்டு விலகி, குடும்பத்தோடு இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். கூடப் போன குழந்தைகளில் ஒருவன் 1929ல் பெர்லினில் பிறந்த ஜான். இந்தப் பையன் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு வருவான்.

ஐரிங் அதற்கு முன்பே அமெரிக்கா திரும்பி பிரின்ஸ்டனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

13/
நிலப்படம் இருந்தால் வேகத்தைச் சொல்லிவிட முடியுமா? இதற்கு நம்ம ஊரை வைத்தே விளக்கம் சொல்கிறேன்.

தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் போறீங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்ட், காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, ஸ்ரீரங்கம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஸ்ரீரங்கம் சேர்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவர் பின்னாலும் ஓட வேண்டாம். இந்த நிமிஷம் பாலத்தின்மேல் எத்தனை பேர் இருக்காங்க, அவங்க எவ்வளவு வேகத்தில் கடக்கிறாங்க, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். பெருக்கினால் விடை.

2022ல் பழுது பார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தினபோது திருச்சிக்காரர்களுக்கு இது நல்லாவே புரிந்தது. ஊர் எவ்வளவு பெரிசு, ரோடு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பிறகு. பாலம்தான் தீர்மானிக்குது.

14/
1935ல் ஐரிங் செய்தது இதைத்தான். கணவாயின்மேல் இந்தக் கணத்தில் எத்தனை மூலக்கூறுகள், அவை கடக்கும் வேகம் என்ன? முதல் எண்ணை வெப்பவியலிலிருந்து எடுத்தார். இரண்டாவது எண்தான் ஆச்சரியம். அது எல்லா வினைக்கும் ஒன்றே! அறை வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி முறை. சர்க்கரை உடைந்தாலும் சரி, இரும்பு துருப்பிடித்தாலும் சரி.

அதே 1935ல் மான்செஸ்டரில் பொலானியும் மெரிடித் எவன்ஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

15/
இதில் ஒரு கூத்தும் உண்டு. ஐரிங் அனுப்பிய கட்டுரையை அந்த இதழ் முதலில் ஏற்கவில்லை. படித்துப் பார்த்தவருக்கு வழிமுறை தவறு என்று பட்டது. பிரின்ஸ்டனில் இருந்த ஹ்யூ டெய்லரும் யூஜீன் விக்னரும் ஆசிரியருக்கு எடுத்துச் சொன்ன பிறகுதான் வெளிவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க வேதியியல் மாணவர்கள் படிக்கும் ‘ஐரிங் சமன்பாடு’ அப்படி வந்ததுதான்.

விக்னர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். இந்தக் கணக்கு ‘பாலத்தில் யூ-டர்ன் கிடையாது’ என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் சில மூலக்கூறுகள் பாதி வழியில் திரும்பிவிடும். அதனால் கணக்கில் வரும் வேகம், உண்மை வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு.

16/
சரி, கணக்கு இருக்கு. கண்ணால் பார்த்தவர் உண்டா?

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. திருவானைக்காவலில் 1888ல் பிறந்த சி.வி.ராமன். மூலக்கூறுக்குள் அணுக்கள் ஸ்பிரிங் மாதிரி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் அந்த அதிர்வைப் படிக்கலாம். 1928ல் வந்த ராமன் விளைவு இதுதான்.

நம் கதையின் நாயகனான ஹைட்ரஜன் மூலக்கூறு அகச்சிவப்பு ஒளியைச் சாதாரணமாக உறிஞ்சாது. அதனால் அந்த வழியில் அதன் அதிர்வு தெரியாது. ராமன் வழியில் தெரியும்.

17/
அந்த அதிர்வைப் பார்த்தால் நேரத்தின் அளவு புரியும். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒருமுறை அதிர ஆகும் நேரம் சுமார் 8 ஃபெம்டோ நொடி.

ஃபெம்டோ நொடின்னா? ஒரு நொடியைப் பத்து கோடி கோடி துண்டாக வெட்டினால் ஒரு துண்டு. இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு ஃபெம்டோ நொடிக்கு ஒரு நொடி எப்படியோ, ஒரு நொடிக்கு 3 கோடி வருஷத்துக்கும் மேல் அப்படி.

மாறும் நிலையின் ஆயுள் இந்த அளவில்தான். அதாவது பாலத்தின்மேல் நிற்கிறவரைப் படம் எடுக்க வேண்டும், ஆனால் அவர் நிற்பது கேமரா கண் சிமிட்டுவதைவிடக் கோடி கோடி மடங்கு குறைந்த நேரம்.

18/
பெர்லின் பையன் ஜான் பொலானி இப்போது வளர்ந்து கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் ஆரம்பித்தார். வினையில் புதிதாகப் பிறந்த மூலக்கூறுகள் விடும் மங்கலான அகச்சிவப்பு ஒளியை அளந்தார். பிறந்தவை எப்படி அதிர்கின்றன என்று தெரிந்தால், கணவாய் எந்த இடத்தில் இருந்தது என்று ஊகிக்கலாம்.

அவர் கண்டது: கணவாய் பாதையின் தொடக்கத்திலேயே இருந்தால், வேகமாக வந்து மோதுவது உதவும். கணவாய் பாதையின் கடைசியில் இருந்தால், மோதும் வேகத்தைவிட மூலக்கூறு அதிர்ந்துகொண்டிருப்பதுதான் அதிகம் உதவும்.

1986ல் டட்லி ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோரோடு இவருக்கு வேதியியல் நோபல். அப்பாவுக்கும் ஐரிங்குக்கும் அது கிடைக்கவே இல்லை.

19/
டொரான்டோவில் இவருடன் வேலை செய்தவர்களில் ஒரு தமிழர் உண்டு. பேராசிரியர் நாராயணசாமி சத்தியமூர்த்தி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் முனைவர் பட்டம் வாங்கி, டொரான்டோ போனவர். கணவாய் எந்த இடத்தில் இருக்கு என்பதைப் பற்றி ஜான் பொலானி எழுதிவந்த கட்டுரை வரிசையில், 1970களின் கடைசியில் வந்தவற்றில் இவர் பெயரும் சேர்ந்திருக்கிறது.

பிறகு ஐ.ஐ.டி. கான்பூருக்கு வந்து பல பத்தாண்டுகள் மூன்று அணு வினைகளின் நிலப்படங்களைக் கணக்கிட்டார். பட்நாகர் விருது வாங்கினார். 2007ல் தொடங்கிய மொகாலி ஐசர் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் இவரே.

புடாபெஸ்டில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் போன டாக்டரிடமிருந்து சிதம்பரத்தில் படித்த மாணவர்வரை ஒரே சங்கிலி!

20/
சத்தியமூர்த்தியும் அவர் மாணவர்களும் விடாமல் துரத்திய வினை ஒன்று உண்டு. ஒரு ஹீலியம் அணு, ஒரு எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மூலக்கூறின்மேல் மோதுவது. கூட்டினால் இதுவும் மூன்றே அணுக்கள். ஹீலியம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மூலக்கூறு நன்றாக அதிர்ந்துகொண்டிருந்தால் பிடுங்குவது சுலபம்.

பிடுங்கி உருவாகும் அந்த ஹீலியம்-ஹைட்ரஜன் ஜோடிதான் பிரபஞ்சத்திலேயே முதலில் உருவான மூலக்கூறு என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஆய்வகத்தில் தெரிந்த அது விண்வெளியில் மட்டும் சிக்காமல் இருந்தது. 2019ல்தான் ஒரு தூரத்து நெபுலாவில் இருப்பது உறுதியானது.

எளிமையான வினை என்றால் அற்பமான வினை என்று நினைத்துவிடக் கூடாது.

21/
இனி கேமரா. எகிப்தில் டமன்ஹூர் என்ற ஊரில் 1946ல் பிறந்தவர் அகமது செவெயில். அலெக்சாண்ட்ரியாவில் படித்து, அமெரிக்கா போய், கால்டெக்கில் சேர்ந்தவர்.

அவர் யோசனை இதுதான். இரண்டு லேசர் மின்னல்கள். முதல் மின்னல் மூலக்கூறை உதைத்து வினையைத் தொடங்கும். இரண்டாவது மின்னல் கொஞ்சம் தாமதமாக வந்து, இப்ப எந்த நிலையில் இருக்கிறாய் என்று பார்க்கும்.

தாமதத்தை எப்படி வைப்பது? எந்தக் கடிகாரத்தாலும் முடியாது. கண்ணாடியை நகர்த்தினார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பின்னால் தள்ளினால், ஒளி போய்வரும் தூரம் கூடி, சுமார் 7 ஃபெம்டோ நொடி தாமதமாகும். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் சினிமா ரீல் மாதிரி படங்கள் வரிசையாகக் கிடைக்கும்.

22/
1987ல் செவெயில் குழு எடுத்துக்கொண்டதும் மூன்று அணு மூலக்கூறுதான். அயோடின், கார்பன், நைட்ரஜன். அயோடின் பிய்த்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். முழு நாடகமும் சுமார் 200 ஃபெம்டோ நொடியில் முடிந்தது. அந்த நேரத்தில் ஒளியே ஒரு தலைமுடித் தடிமன் அளவுதான் போகும்!

பாதி அறுந்த பிணைப்பை மனிதன் முதன்முதலாக அந்தந்தக் கணத்திலேயே பின்தொடர்ந்தது அன்றைக்குத்தான். 1995ல் ஜான் பொலானியும் செவெயிலும் சேர்ந்து, மாறும் நிலையை நேரடியாகக் காண்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 1999 அக்டோபரில் செவெயிலுக்கு வேதியியல் நோபல். மாறும் நிலைகளை ஆராய்ந்ததற்காக என்றே பரிசுக் குறிப்பு சொல்கிறது.

23/
டாக்டர், இதெல்லாம் சரி, நோயாளிக்கு என்ன?

வந்துட்டேன். உடம்புக்குள் வினைகளை நடத்துபவை நொதிகள். இவை எவ்வளவு வேகம் கூட்டும் தெரியுமா? மரபணுவுக்கான மூலப்பொருள் தயாரிப்பில் ஒரு படி இருக்கு. நொதி இல்லாமல் விட்டால் பாதி முடியவே 7.8 கோடி வருஷம் ஆகும் என்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் வூல்ஃபென்டன் குழு 1995ல் கணக்கிட்டது. நொதி இருந்தால் ஒரு நொடிகூட ஆகாது.

எப்படி? 1930ல் ஹால்டேன், நொதி மூலக்கூறைப் பிடித்துக் கொஞ்சம் முறுக்குகிறது என்று எழுதினார். (இந்த ஹால்டேன் பின்னால் இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தார்.) 1940களில் லைனஸ் பாலிங் இதைத் தெளிவாகச் சொன்னார்: நொதியின் குழி, ஆரம்பப் பொருளின் வடிவத்துக்குப் பொருந்துவதைவிட மாறும் நிலையின் வடிவத்துக்கு அதிகம் பொருந்துகிறது.

24/
நம்ம பாஷையில்: நொதி என்பது பாலத்தின்மேல் நிற்பவரைத்தான் இறுக்கிப் பிடித்துத் தாங்கும். அதனால் பாலம் தாழ்கிறது, கடப்பது சுலபமாகிறது.

இதைத் திருப்பிப் பாருங்க. மாறும் நிலையின் வடிவத்திலேயே, ஆனால் மாறாமல் அப்படியே நிற்கும் ஒரு பொம்மை மூலக்கூறைச் செய்து நொதியிடம் கொடுத்தால்? நொதி அதை ஆசையாகக் கட்டிப் பிடிக்கும். விடாது. பாலத்தின் நடுவே லாரியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போன மாதிரி. அந்த நொதிக்கு வேலை நின்றது.

இப்படி மருந்து செய்யலாம் என்ற எண்ணத்தை 1969 வாக்கில் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் அதே வூல்ஃபென்டன்.

25/
முதல் உதாரணம் ஃப்ளூ. இன்ஃப்ளூயன்சா வைரஸ் நம் செல்லுக்குள் குட்டி போட்டுவிட்டு வெளியே கிளம்பும்போது, செல்லின் மேல் உள்ள சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டிவிட நியூராமினிடேஸ் என்ற நொதி வைத்திருக்கிறது. வெட்டும் கணத்தில் அந்தச் சர்க்கரை வளையம் கொஞ்சம் தட்டையாகும். அந்தத் தட்டை வடிவத்தைப் பார்த்து வடிவமைத்ததுதான் ஒசெல்டாமிவிர். கடையில் டாமிஃப்ளூ.

அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 1999 அக்டோபரில், செவெயிலுக்கு நோபல் அறிவித்த அதே மாதம். தற்செயல்தான். 2009ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது இங்கே அரசு மருத்துவமனைகளில் கொடுத்ததும் இதே மருந்துதான்.

வைரஸ் பரவுவதற்கு முன் கொடுத்தால்தான் நல்ல பலன். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் என்று நாங்கள் சொல்வது இதனால். டெங்குவுக்கோ சாதாரண சளிக்கோ இது வேலை செய்யாது. நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீங்க.

26/
இரண்டாவது உதாரணம் எச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறிந்தது சென்னையில், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும். அப்போது சொல்லிக்கொள்ளும்படி மருந்து இல்லை.

வைரஸின் நீளமான புரதத்தை வெட்டித் துண்டாக்க ஒரு கத்தரி நொதி உண்டு. வெட்டும் கணத்தில் புரதம் எடுக்கும் வடிவத்தைக் காப்பியடித்து, ஆனால் வெட்ட முடியாத மாதிரி செய்த மருந்து சாக்வினாவிர். 1995 டிசம்பரில் அனுமதி. இதையும் இதன் தம்பிகளையும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த 1996க்குப் பிறகு மேலை நாடுகளில் எய்ட்ஸ் மரணங்கள் சரசரவென்று இறங்கின. இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் 2004ல் தொடங்கியது.

மரணத் தீர்ப்பாக இருந்த நோய், மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கும் நோயாக மாறினது இந்த வரிசையில்தான்.

27/
ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். செவெயிலின் லேசரைப் பார்த்துவிட்டு டாமிஃப்ளூ செய்யவில்லை. ஐரிங்கின் சமன்பாட்டைப் போட்டதும் சாக்வினாவிர் வந்துவிடவும் இல்லை. மருந்துக்கு நொதியின் படம், கரிம வேதியியல், பல வருஷச் சோதனை எல்லாம் வேண்டும்.

ஆனால் ‘எந்த வடிவத்தைக் காப்பியடிக்கணும்?’ என்ற கேள்விக்கு விடை மாறும் நிலை. அப்படி ஒரு நிலை உண்டு, அதற்கு வடிவம் உண்டு, வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான் என்று 1931லும் 1935லும் யாரோ சொல்லாமல் இருந்திருந்தால் பாலிங்குக்கு அந்த யோசனையைச் சொல்ல வார்த்தையே இருந்திருக்காது.

28/
இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன்?

ரிசல்ட் வந்தவுடனே அப்பா அம்மா என்னிடம் கேட்பது: ‘டாக்டர், மெடிக்கல் கிடைக்கல. பொண்ணு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி போறேங்கிறா. அதுல என்ன இருக்கு?’ திருச்சியில் நூறு வருஷத்துக்கும் மேல் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி இருக்கு. ஆனாலும் இந்தக் கேள்வி மாறலை.

அதுல என்ன இருக்குன்னா, இதெல்லாம் இருக்கு. மூன்று அணு மோதினால் நடுவில் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்குப் பயன் என்ன என்று தெரியாது. கேட்டு 60 வருஷம் கழித்து, அவர்கள் முகம் பார்த்திராத ஊர்களில் மனிதர்கள் பிழைத்தார்கள்.

ஒவ்வொரு ஆராய்ச்சியும் இப்படி மருந்தாக முடியாது. ஆனால் எது முடியும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் கேட்கிற பிள்ளையை நிறுத்தாதீங்க.

29/
சுருக்கமாக, ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்களுக்கு:

1889: மேடு இருக்கு என்றார் அர்ரீனியஸ்.
1931: மேட்டுக்கு நிலப்படம் வரைந்தனர் ஐரிங், பொலானி.
1935: பாலத்தின்மேல் ஆட்களை எண்ணினால் வேகம் கிடைக்கும் என்று காட்டினர்.
1940கள்: நொதி பிடிப்பது அந்த நிலையைத்தான் என்றார் பாலிங்.
1987: அந்தக் கணத்தைப் பின்தொடர்ந்தார் செவெயில்.
1995, 1999: அந்த வடிவத்தைக் காப்பியடித்த மருந்துகள் கைக்கு வந்தன.

30/
+2 படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 8 முதல் 14 வரை படிக்கக் கொடுங்க. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் ‘கிளர்வு ஆற்றல்’ கொஞ்சம் உயிரோடு தெரியும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. இரவு கிளினிக் முடிஞ்சதும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்றேன்.